வாசகர் கேள்வி – பதில்: பிதுக்கத் தெரிந்த கைக்கு ஃபாவா புதிதல்ல

ஏப்ரல் பிறந்தால் ஐரோப்பியக் கடைகளில் பச்சை ஃபாவா காய் வரத் தொடங்கும், ஜூலையோடு ஓய்ந்துவிடும். வெளிநாட்டில் குடியிருக்கும் வாசகர்களிடமிருந்து இந்தக் காயைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

“கடையில் ‘பிராட் பீன்ஸ்’ என்று எழுதியிருந்தது. ஊரில் அவரைக்காய்ப் பொட்டலத்தின் மேல் அதே பெயரைத்தான் பார்த்திருக்கிறேன். அவரைதான் பெரிதாக விளைந்திருக்கிறது என்று ஒரு கிலோ வாங்கி, நார் உரித்து, நறுக்கிப் பொரியல் செய்தேன். மெல்லவே முடியவில்லை, கசப்பு வேறு. எங்கே தப்பு?”
— வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

தப்பு உங்களுடையதல்ல, பெயருடையது. பிரிட்டனில் பிராட் பீன்ஸ் என்றால் ஃபாவா. நம் ஊரில் அதே சொல்லை அவரைக்காயின் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். அவரையும் மொச்சையும் லாப்லாப் என்ற கொடியினத்தைச் சேர்ந்தவை. ஃபாவா கொடியே அல்ல. நான்கு பட்டைத் தண்டோடு நிமிர்ந்து நிற்கும் குளிர்காலச் செடி. தாவரப் பெயர் விசியா ஃபாபா. வட இந்தியாவில் இதைப் பாக்லா என்பார்கள்.

அவரையில் நாம் தின்பது காயின் சதை. ஃபாவாவில் தின்பது உள்ளே இருக்கும் கொட்டை. ஒரு காயைப் பிளந்து பாருங்கள்: பஞ்சு மெத்தை விரித்தது போல வெள்ளையாக ஒரு படலம், அதில் நாலைந்து கொட்டைகள் படுத்திருக்கும். அந்த மெத்தையும் வெளித்தோலும்தான் உங்கள் பொரியலில் நாராக நின்றன. முற்றிய ஃபாவா காயின் தோல் எத்தனை நேரம் வெந்தாலும் அப்படித்தான். விரல் நீளமே இருக்கிற, உள்ளே கொட்டை இன்னும் பருக்காத பிஞ்சை மட்டும் அவரை போல முழுதாக நறுக்கிச் சமைக்கலாம். அது கடைக்கு வருவது அபூர்வம். தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும்.

மிச்சப் பொரியலைக் கொட்டிவிடவில்லை என்றால் கொட்டைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். அவை நன்றாகத்தான் இருக்கும்.

“இரண்டு கிலோ வாங்கி உரித்தால் ஒரு கிண்ணம்தான் தேறியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?”
— வாசகர், பர்மிங்ஹாம்

இல்லை. ஃபாவாவின் கணக்கே அப்படி. ஒரு கிலோ காயை உரித்தால் ஏறக்குறைய 300 கிராம் கொட்டை. அந்தக் கொட்டையின் மேல்தோலையும் நீக்கினால் 200 கிராம் பருப்பு. நான்கு பேருக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பொரியல் வேண்டுமென்றால் ஒரு கிலோ காய், அதுவே பிரதான கறி என்றால் இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது காயின் நீளத்தைப் பார்க்காதீர்கள், விரலால் அழுத்துங்கள். உள்ளே கொட்டை தட்டுப்பட வேண்டும், ஆனால் வெளியே முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருக்கக் கூடாது. வளைத்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். துவண்டு வளைந்தால் பறித்து நாளாகிவிட்டது. தோலில் ஓரிரு கறுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. உள்ளே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுவது நல்லது. பச்சைப் பட்டாணியைப் போலவே இதிலும் பறித்த பின் இனிப்பு குறைந்து மாவுத்தன்மை ஏறும்.

“கொட்டையின் மேல்தோலையும் உரிக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாக உரிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. கட்டாயமா?”
— வாசகி, ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

எல்லாக் கொட்டைக்கும் கட்டாயமில்லை. எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதைக் கொட்டையே சொல்லும்: காயோடு ஒட்டியிருந்த இடத்தில் புருவம் போல ஒரு கோடு இருக்கிறதே, அதன் நிறத்தைப் பாருங்கள். கோடு பச்சையாகவோ வெளிறியோ இருந்து, கொட்டையும் சுண்டுவிரல் நகத்தளவுக்கு மேல் போகாவிட்டால் இளசு. தோலோடு சமைக்கலாம். கோடு கறுத்துவிட்டால் முற்றல். தோல் தடித்து, துவர்ப்பும் கசப்பும் ஏறியிருக்கும். அதை உரிக்காமல் சமைத்தால் வாயில் சக்கை மிஞ்சும். ஒரே காயில்கூட நுனிக் கொட்டை இளசாகவும் மற்றவை முற்றியும் இருக்கலாம். எனவே முதலில் இரண்டு கூறாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

முக்கால் மணி நேரம் ஆகிறதென்றால் பச்சையாகவே உரிக்கிறீர்கள் என்று தெரிகிறது. மார்கழி, தை மாதத்தில் மொச்சையைப் பிதுக்கிப் பழகிய வீடுகளுக்கு இந்த வேலை தெரியும். அங்கே இரவெல்லாம் ஊறவைத்துப் பிதுக்குவோம். இங்கே ஊறலுக்குப் பதில் ஒரு கொதி.

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொட்டைகளைப் போட்டு, சிறியது என்றால் ஒரு நிமிடம், பெரியது என்றால் இரண்டு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தே செய்யுங்கள். உடனே வடித்து ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். ஆறியதும் எடுத்தால் தோல் உள்ளே இருக்கும் பருப்பை விட்டு விலகிச் சுருங்கியிருக்கும். கறுப்புக் கோட்டுக்கு எதிர்ப்பக்கத் தோலை நகத்தால் கீறி, மறுமுனையை அழுத்தினால் இலைப்பச்சைப் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே விழும். 300 கிராம் கொட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும்.

கெடுவது இரண்டு இடத்தில். மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விட்டால் பருப்பு குழைந்து, பிதுக்கும்போது கையிலேயே மாவாகும். குளிர்ந்த தண்ணீரில் போடாமல் வடிதட்டிலேயே ஆற விட்டால், உள்சூட்டில் வெந்துகொண்டே இருந்து நிறம் மங்கும். பச்சை நிறம் நிற்க ஆப்பசோடா போடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. போடாதீர்கள்: நிறம் நிற்கும், ஆனால் பருப்பு கொழகொழத்து சோப்பு வாடை அடிக்கும்.

“எங்கட பக்கத்து வீட்டு இத்தாலியன் அம்மா, இது சில பிள்ளையளுக்கு நஞ்சு எண்டு சொல்லுறா. உண்மையோ? வீட்டில நாலு வயசில பேரன் இருக்கிறான்.”
— வாசகி, லா ஷப்பேல், பாரிஸ்

உண்மை. இந்தப் பகுதியில் இதுதான் முக்கியமான கேள்வி.

இரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஃபாவாவில் வைசின், கான்வைசின் என்று இரண்டு பொருள்கள் உண்டு. குடலில் இவை உடைந்து வரும் வேதிப்பொருள்கள் சிவப்பணுக்களைத் தாக்கும். நொதி சரியாக இருப்பவர்களின் அணுக்கள் அதைச் சமாளித்துவிடும். குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். இதற்கு ஃபாவிசம் என்று இந்தக் காயின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்தக் குறைபாடு பரவலாக இருப்பதால்தான் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தியா, இலங்கை மக்களிடையேயும் இது உண்டு. மலேரியாவுக்குப் பிரைமாகுயின் கொடுக்கும் முன் இதற்கான இரத்தப் பரிசோதனை கேட்கப்படுவதும் இதனால்தான்.

சாப்பிட்ட ஓரிரு நாளுக்குள் முகம் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். சோர்வு, காய்ச்சல், வயிற்று வலி, முதுகு வலி வரலாம். இதில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஃபாவா சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம்.

‘நன்றாக வேகவைத்தால் போய்விடும்’ என்பதை நம்பாதீர்கள். சூட்டுக்கு இந்தப் பொருள்கள் முழுதாக அழிவதில்லை. அதுவும் காய்ந்த பருப்பைவிடப் பச்சைக் கொட்டையில்தான் இவை அதிகம். வறுத்துப் பொட்டலத்தில் விற்கும் ஃபாவாவும் இவர்களுக்கு ஆகாது. குறைபாடு உள்ள குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் தவிர்க்க வேண்டும்.

பேரனுக்குச் சோதனை ஆகியிருக்கிறதா என்று மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்த்துவிடுவார்கள். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. தெரியவில்லை என்றால் ஓர் இரத்தப் பரிசோதனையில் முடிகிற காரியம். அதுவரை பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

பெரியவர்களிலும் இருவர் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மோனோ அமைன் ஆக்சிடேஸ் தடுப்பு வகை மருந்து எடுப்பவர்களுக்கு ஃபாவா திடீரென்று இரத்த அழுத்தத்தை ஏற்றலாம். காரணம் இதில் இயற்கையாகவே இருக்கும் லெவோடோப்பா. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுப்பதும் அதே பொருள்தான் என்பதால் அந்த நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

“சரி, சமைக்கலாம் எண்டால் பால்கறியாக வைக்கலாமோ?”
— அதே வாசகி

தாராளமாக. தேங்காய்ப்பாலுக்கு இது நன்றாகப் பொருந்தும். பிதுக்கிய பருப்பு 200 கிராம். சின்ன வெங்காயம் எட்டு, பச்சை மிளகாய் மூன்று, கறிவேப்பிலை, வெந்தயம் கால் டீஸ்பூன், மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு ஆகியவற்றை ஒரு கோப்பை இரண்டாம் பாலில் போட்டு, வெங்காயம் மெத்தென்று ஆகும் வரை முதலில் வேகவிடுங்கள். அதற்குப் பிறகே பருப்பு. மூன்று நிமிடத்தில் அரைக் கோப்பை முதற்பாலை விட்டு, கொதி தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, அடுப்பை விட்டு இறக்கிய பின். வழக்கமாகக் கிழங்குக்கு வைப்பது போல எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் வெங்காயம் வேகும் முன் பருப்பு கரைந்து, கறி கஞ்சியாகும்.

“மொச்சைக் கொட்டை கத்தரிக்காய் புளிக்குழம்பு மாதிரி வைத்தேன். பச்சையாக இருந்தது சாணி நிறமாகிவிட்டது. சில பருப்பு வேகவும் இல்லை.”
— வாசகி, ஓஸ்லோ

இரண்டுக்கும் காரணம் புளி. பச்சை நிறத்தைத் தரும் பச்சையம் புளிப்பில் நிறம் மாறிக் காக்கியாகும், தடுக்க வழியில்லை. புளிப்பில் பருப்பின் உட்சுவர் இளகாது என்பது துவரம்பருப்பிலேயே நமக்குத் தெரிந்த சங்கதி. எனவே இளசை, இலைப்பச்சையாக இருப்பதை, குழம்பில் வீணாக்காதீர்கள். குழம்புக்கு முற்றலே பொருத்தம்; அதன் மாவுத்தன்மைதான் குழம்புக்குக் கெட்டி கொடுக்கும்.

பிதுக்கிய முற்றல் பருப்பு 250 கிராமை உப்புத் தண்ணீரில் தனியாக வேகவையுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். நசுக்கினால் நசுங்க வேண்டும், உடையக் கூடாது. குக்கரில் வைக்காதீர்கள், ஒரு விசிலுக்கே கூழாகும். நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியில் கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கத்தரிக்காய் வதக்கி, அரை எலுமிச்சை அளவு புளியின் கரைசலும் குழம்புத்தூள் இரண்டரை டீஸ்பூனும் சேர்த்து, பச்சை வாடை போய் எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுங்கள். பருப்பு கடைசி ஐந்து நிமிடத்துக்கு. மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

இளசுக்குச் சுண்டல் போலத் தாளிப்பதைவிடச் சுலபமான வேலை இல்லை. தேங்காய் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. ஏற்கெனவே ஒரு கொதி கண்ட பருப்பு 200 கிராமுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் பிரட்டி, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல் தூவி இறக்குங்கள். வெங்காயம்கூட வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அதன் இனிப்பு இதன் இனிப்பை மூடிவிடும்.

“நம் முறையில் அல்லாமல், இந்தக் காயின் சொந்த ஊர்களில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? டொராண்டோவில் ஈரானியக் கடையில் ஒரு சோறு சாப்பிட்டேன், மணம் மறக்கவில்லை.”
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

நீங்கள் சாப்பிட்டது பாகாலி போலோ. அந்த மணம் சதகுப்பைக் கீரையுடையது. செய்முறை பிரியாணி தம் போடத் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. பாஸ்மதி 400 கிராமைக் களைந்து, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். நிறையத் தண்ணீரில், உப்பு சற்றுத் தூக்கலாகப் போட்டு ஐந்தாறு நிமிடம் கொதிக்க விட்டு, அரிசி வெளியே மெத்தென்றும் நடுவில் ஒரு கடியும் இருக்கும் பதத்தில் வடித்துவிடுங்கள். பிதுக்கிய ஃபாவா 250 கிராம், பொடியாக நறுக்கிய சதகுப்பை 70 கிராம். சதகுப்பையைக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்திய பிறகே நறுக்க வேண்டும். ஈரமாகப் போட்டால் சோறு பிசுபிசுக்கும்.

அடி கனமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது நெய், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். அதன் மேல் வெறும் சோறு ஓர் அடுக்கு, பிறகு சோறு, ஃபாவா, சதகுப்பை என்று மாறி மாறிக் கூம்பாகக் குவித்து, கரண்டிக் காம்பால் நாலைந்து துளை போடுங்கள். மிதமான தீயில் எட்டு நிமிடம். ஆவி வந்ததும் மூடியில் துணி சுற்றி இறுக மூடி, சிறுதீயில் நாற்பது நிமிடம். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்வதால் நீர் சொட்டாது. இறக்கி, குங்குமப்பூக் கரைசலைக் கொஞ்சம் சோற்றில் கலந்து மேலே தூவுவார்கள். அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் தஹ்திக்குக்குப் பந்தியில் போட்டி நடக்கும். தொட்டுக்கொள்ள ஆட்டுக்கால் இறைச்சி. சைவர்கள் தயிர் வைத்துக்கொள்ளலாம்.

ரோமில் மே முதல் நாளன்று இதைச் சமைப்பதே இல்லை. இளங்காயை மேசையில் குவித்து, உரித்து, பெக்கோரினோ என்ற உப்புக் கரிக்கும் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு பச்சையாகவே தின்பார்கள். வசந்தத்தில் கூனைப்பூ (ஆர்டிசோக்), பட்டாணி, ஃபாவா மூன்றையும் ஆலிவ் எண்ணெயில் மெல்ல வேகவைக்கும் வின்யரோலாவும் அந்த ஊர்ப் பதார்த்தம்தான்.

“தோஹாவில் டின்னில் ‘ஃபூல்’ கிடைக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? பச்சைக் கொட்டையை அரைத்து எகிப்துக்காரர்கள் போல வடை சுடலாமா?”
— வாசகர், தோஹா, கத்தார்

செடி ஒன்று, டின்னில் இருப்பது காய்ந்த, சிறிய கொட்டை வகை. இரவு முழுக்க ஊறவைத்து, மணிக்கணக்கில் சிறுதீயில் வேகவைத்து, சீரகம், பூண்டு, எலுமிச்சை, எண்ணெயோடு மசித்துச் சாப்பிடுவது எகிப்தின் ஃபூல் முதம்மஸ். அங்கே காலை உணவே அது.

வடைக்குப் பச்சைக் கொட்டை ஆகாது. அதில் நீர் அதிகம். எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். எகிப்தியத் தஅமிய்யாவுக்குக் காய்ந்து தோல் நீக்கி உடைத்த ஃபாவா பருப்புதான் வேண்டும். மசால் வடைக்குக் கடலைப்பருப்பை நடத்துவது போலவே இதையும் நடத்துங்கள்: ஊறவைக்க வேண்டும், வேகவைக்கக் கூடாது. எட்டு மணி நேரம் ஊறிய பருப்பு 250 கிராமை நன்றாக வடித்து, வெங்காயம், பூண்டு, ஒரு பெரிய கட்டுக் கொத்தமல்லி, பார்ஸ்லி, கொஞ்சம் சதகுப்பை, மல்லித்தூள், சீரகத்தூளோடு தண்ணீர் விடாமல் அரைத்து, எள் ஒற்றித் தட்டிப் பொரியுங்கள். உள்ளே பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும்.

“சீசன் முடியும் முன் ஃபிரீஸரில் வைக்கலாமா?”
— வாசகி, ஈஸ்ட் ஹாம்

வைக்கலாம். இரண்டு நிமிடக் கொதியும் ஐஸ் தண்ணீரும் இதற்கும் கட்டாயம். பச்சையாக வைத்தால் உள்ளிருக்கும் நொதி உறைகுளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். துணியில் உலர்த்தி, தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பைக்கு மாற்றுங்கள். தோலோடு வைத்தால் பருப்பு காயாமல் இருக்கும். எடுத்துக் கரைந்ததும் தோல் தானே கழன்று வரும். கடையில் விற்கும் உறைந்த ஃபாவாவும் பெரும்பாலும் தோலோடுதான் இருக்கும். சீசன் இல்லாதபோது அது மோசமில்லை.

“மெல்பர்னில் வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. வளர்க்கலாமா? சென்னையில் இருக்கும் அக்காவும் மாடியில் வைக்க விதை கேட்கிறாள்.”
— வாசகர், மெல்பர்ன், ஆஸ்திரேலியா

உங்களுக்கு வரும், அக்காவுக்கு வராது. இதற்குக் குளிர் வேண்டும். வெயில் ஏறினால் பூ காயாகாமல் கொட்டிவிடும். பீகார், உத்தரப்பிரதேசத்தில் குளிர்காலப் பயிராக வருகிறது. சென்னையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

நீங்கள் ஏப்ரல், மே மாதத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். யூரியா வேண்டாம், வேர் முடிச்சிலேயே தழைச்சத்து சேரும், மேலும் போட்டால் இலைதான் மதாளிக்கும். காற்றில் தண்டு ஒடியும் என்பதால் சுற்றிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். கடுங்குளிரில் வரும் முதல் பூக்கள் உதிர்ந்தால் கவலைப்பட வேண்டாம். தேனீ நடமாட்டம் வந்ததும் பிடிக்கும். அடியில் பிஞ்சு கண்டதும் நுனிக் கொழுந்தை நாலு விரற்கடை கிள்ளிவிடுங்கள். கறுப்பு அசுவினி முதலில் மொய்ப்பது அங்கேதான். பூச்சி வராத கொழுந்தைக் கீரை போலப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கலாம். ஜி6பிடி எச்சரிக்கை இந்தக் கொழுந்துக்கும் பொருந்தும்.

“உரித்த பிறகு விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. சோப்புக்குப் போகவில்லை.”
— வாசகி, ஸ்டுட்கார்ட்

வாழைக்காய் நறுக்கினால் கறுப்பது போலத்தான் இதுவும். காயின் சாறு காற்றுப்பட்டுக் கறுக்கிறது. எலுமிச்சை மூடியால் தேய்த்தால் ஓரளவு போகும். மிச்சம் இரண்டு நாளில் தானே போய்விடும். அடுத்த முறை உரிக்கும் முன் கையில் துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பலாப்பழத்துக்குத் தடவுவது போல.